பொன்னாடைக்குப் பிறகு வந்த ஞாயிறு

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
16.12.2024

அன்புத் தங்கை ஜெயத்துக்கு,

போன வாரம் நீயும் மாப்பிள்ளையும் வந்திருந்தபோது, ஆற்றோரத் தெருவில் சேறு வாரிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டாய். "இவங்கல்லாம் எத்தினி நாளைக்குண்ணே வருவாங்க?" நான் சிரித்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டேன். பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளைகள் கேட்டால், கரும்பலகையை அழிக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வது என் பழைய வழக்கம்.

நானும் உன் அண்ணியும் சுகம். நம் வீட்டில் முழங்கால் தண்ணீரோடு போயிற்று. நோணாங்குப்பம் தாண்டி அந்தத் தெருவில்தான் புயல் போய் இரண்டு நாள் கழித்து ஆறே வீட்டுக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை ஏது என்று என்னை ஒருங்கிணைப்பாளராக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து நிற்கிறவர்களைத் தெரு தெருவாகப் பிரித்து அனுப்புவது என் வேலை. காலாப்பட்டிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற இளம்பரிதி தன் ஷிப்ட் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருகிறான். மண்வெட்டி போதவில்லை, ஆள் மிஞ்சுகிறது.

மாப்பிள்ளை கோவிந்தராசுவைப் பற்றி நான் சொல்லித்தான் ஆக வேண்டும். மின்வாரியத்தில் இத்தனை வருஷம் கம்பம் ஏறியவர் கைக்கு இப்போதுதான் சரியான வேலை கிடைத்திருக்கிறது. தண்ணீர் நின்ற வீடுகளில் சுவிட்சைத் தொட்டாலே ஷாக். ஒவ்வொரு வீடாகப் பிரித்து உலர்த்தி மாட்டுகிறார். வெள்ளிக்கிழமை விருத்தாசலத்தில் பஸ் ஏறி வந்து, திங்கட்கிழமை ஊர் திரும்புவதற்கு நீ ஒத்துக்கொண்டதற்கு நன்றி. இந்தக் கடிதத்தையும் அவர் பையிலேயே வைத்து அனுப்புகிறேன்.

தெருக்கோடியில் செல்வாம்பாள் என்று ஒருவர். வீட்டுக்காரர் மில் தொழிலாளியாக இருந்து இறந்துபோனார். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்து வாழ்கிறார். அவர் வீடு முழுவதும் விழுந்துவிட்டது. இரவில் பால்வாடிக் கட்டடத்தில் படுக்கிறார். காலையில் குழந்தைகள் வருவதற்கு முன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். "அடுத்த மழைக்கு முன்னாடி உங்க தலைக்கு மேல கூரை இருக்கும்மா" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது என் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
கிருஷ்ணசாமி


விருத்தாசலம்
19.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயம் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அண்ணியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

போனிலேயே பேசலாமே என்று இவர் கேட்கிறார். போனில் நீங்கள் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் நடுவில் மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கலாம்.

ரிடயர் ஆனதிலிருந்து இவர் டிவிக்கு முன்னால் ரிமோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கிடந்தது உங்களுக்குத் தெரியும். என்ன கேட்டாலும் "ம்" என்று ஒரு பதில். திங்கட்கிழமை வந்தவர் கை கால் முழுக்கச் சேற்றுப்புண், ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும் எந்த வீட்டில் எந்த ஒயரை எப்படி இழுத்தார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஒன்றும் புரியாமல் தலையாட்டினேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் தொடர்ந்து பேசியது அன்றைக்குத்தான்.

எனக்குக் கண் கொஞ்சம் தொந்தரவு செய்கிறது. கடைத்தெருவில் பக்கவாட்டில் வந்த ஆட்டோ தெரியவே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் இருக்கிறது, ஜனவரி கடைசியில் சனிக்கிழமை வாருங்கள், மருந்து விட்டுச் சோதிக்க வேண்டும், துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும் என்றார். சனிக்கிழமைதான் அந்தப் பெரிய டாக்டர் வருகிறாராம். பார்த்துக்கொள்ளலாம்.

செல்வாம்பாளுக்கு என் பழைய புடவைகள் நான்கு அனுப்பியிருக்கிறேன். பழையது என்று சொல்ல வேண்டாம்.

அன்புத் தங்கை,
ஜெயம்


புதுச்சேரி
3.2.2025

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் நன்றாக நடந்ததா? இங்கே அண்ணிக்கு வலி குறைந்திருக்கிறது, எனக்கு இருமல் கூடியிருக்கிறது. மொத்தத்தில் வீட்டுக் கணக்கு சமம்.

செல்வாம்பாள் புடவையைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இதுங்க புதுசு மாதிரி கீது, யாரு குடுத்தா?" என்றார். என் தங்கை என்றேன். "கை ராசியான அம்மாவா இருக்கும்" என்று முகத்தில் ஒற்றிக்கொண்டார்.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரிய ஆரம்பித்திருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று எல்லாப் பிள்ளையும் நோட்டுக்கு அட்டை போட்டு, பெயர் எழுதிக்கொண்டு வரும். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டுகளைப் பார்க்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது. சேறு வாரும்போது வேலை கண்ணுக்குத் தெரிந்தது. காலையில் சேறு இருந்தது, மாலையில் தரை இருந்தது. செல்பி எடுத்துக்கொண்டார்கள், தப்பில்லை. இப்போது சுவர் கட்டுகிறோம். நாள் முழுக்கச் செங்கல் சுமந்தாலும் சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் காலையில் பார்த்த மாதிரியே இருக்கிறது. மாணவர்களுக்குப் பரீட்சை வந்துவிட்டது. ஒரு பையன், "சார், ஊட்டுல திட்றாங்க, ஞாயித்துக்கெழமகூட ஊட்ல தங்க மாட்டேங்கிறன்னு" என்றான். நான் அவனுக்கு எறும்பு எப்படிச் சர்க்கரையைச் சுமக்கும் என்று கதை சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அடுத்த வாரம் வரவில்லை.

மாப்பிள்ளை மட்டும் வாரம் தவறவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் நிற்கிறார்கள். அவர் இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

கண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல வெளிச்சத்தில் படி. எனக்கும் நாற்பது வயதில் கண்ணாடி வந்தது, அதற்கென்ன.

அன்புடன்,
அண்ணன்


விருத்தாசலம்
20.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம் வைத்துக் குடியுங்கள்.

கண் டாக்டரிடம் இன்னும் போகவில்லை. சனிக்கிழமையில் இவர் அங்கே இருக்கிறார். பக்கத்து வீட்டு சரிதாவைக் கூப்பிடலாம், அவளுக்குக் கைக்குழந்தை, தையலும் இருக்கிறது. மெதுவாகப் போகலாம். அவசரமில்லை.

செல்வாம்பாள் வீடு எவ்வளவு உயரம் வந்தது? எழுதுங்கள். இவரிடம் கேட்டால் கையைத் தூக்கி அளவு காட்டுகிறார், எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

ஜெயம்


புதுச்சேரி
7.4.2025

அன்புத் தங்கைக்கு,

வெயில் தொடங்கிவிட்டது, அங்கே இன்னும் அதிகம் இருக்கும். மோர் நிறையக் குடி.

உன் கடிதத்தை அண்ணியிடம் காட்டிச் சிரித்தேன். உன் கையெழுத்து இரண்டாம் வகுப்புப் பிள்ளையுடையதைப் போலப் பெரிதாகிவிட்டது, வரிகளும் மலையேறுகின்றன. என் வகுப்பாக இருந்தால் இரட்டைக்கோடு நோட்டு கொடுத்திருப்பேன்.

நல்ல செய்தி ஒன்று. ஆட்கள் குறைந்து பத்துப் பன்னிரண்டு பேரில் வந்து நிற்கிறது. அவர்களும் முகம் வாடித்தான் வருகிறார்கள். யோசித்துப் பார்த்தேன். மாசக்கணக்கில் வெயிலில் உழைத்தவர்களுக்கு யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னோமா? நம் பள்ளியில் ஆண்டு விழாவில் ஒரு சோப்பு டப்பா பரிசு கொடுத்தால் அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் முழுக்க முதல் பெஞ்சில் உட்காரும். அதனால் வருகிற இருபதாம் தேதி பாராட்டு விழா. ஒருநாள் வந்தவர்கள் உட்பட எல்லோரையும் அழைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பொன்னாடை, ஒரு கேடயம். பிளெக்ஸ் அடித்தாயிற்று. வீடு கிடைத்த தெருக்காரர்களே பொன்னாடை போர்த்துவார்கள். இதைப் பார்த்தபிறகு யாருக்கு விட்டுப் போக மனம் வரும்? செல்வாம்பாள் வீடு ஜன்னல் உயரம் வந்திருக்கிறது. விழா முடிந்த சூட்டில் மே மாதத்துக்குள் கூரை ஏற்றிவிடலாம்.

நீயும் வா. மாப்பிள்ளைக்குப் பொன்னாடை போடும்போது நீ முன் வரிசையில் இருக்க வேண்டும்.

உன் அண்ணன்


புதுச்சேரி
28.4.2025

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வருகிறது. மாப்பிள்ளை இந்த வாரம் ஊருக்குக் கிளம்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நீ விழாவுக்கு வராததும், ஒரு வரி எழுதாததும் எனக்குக் குறைதான். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

விழா பிரமாதமாக நடந்தது. வந்த பிரமுகர் இரண்டு மணி நேரம் தாமதம், பேசியது அதைவிட நீளம். நாற்பது பேருக்கும் மேல் வந்திருந்தார்கள். டிசம்பரில் வந்த கூட்டத்தைத் திரும்பவும் பார்த்தது போல இருந்தது. செல்வாம்பாள்தான் இளம்பரிதிக்குப் பொன்னாடை போர்த்தினார். எட்டாமல் எக்கி நின்றார், அவன் குனிந்தான், எல்லோரும் கை தட்டினார்கள். பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்பினோம்.

மாப்பிள்ளை மட்டும் பிடிவாதமாக மறுத்துவிட்டார். பெயரைக் கூப்பிடக் கூப்பிட, மைக் செட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கிப் போய்க் கேட்டேன். "எனக்கு வாணாம் மச்சான். ஆபீஸ்ல பொன்னாடை போட்டாங்க, மறுநாளு என் நாற்காலில வேற ஆளு குந்திகினு இருந்தான். இதப் போட்டிங்கன்னா நான் விருத்தாசலத்துக்கு பஸ் ஏறிடுவேன்" என்றார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

நேற்று ஞாயிறு. காலை ஏழு மணிக்கு நானும் மாப்பிள்ளையும் நின்றோம். எட்டாயிற்று. ஒன்பதாயிற்று. ஒருவர் வரவில்லை, ஜெயம். ஒருவர்கூட. கலவை போடத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்மில் காக்கை குளித்தது.

இளம்பரிதிக்குப் போன் செய்தேன். தூங்கி எழுந்த குரல். "இன்னா சார், இன்னைக்கும் கீதா வேல? அதான் முடிச்சி வெச்சிட்டிங்களே."

"யாருப்பா முடிச்சது?"

"கேடயம்லாம் குடுத்திங்களே சார். எங்கம்மா டிவி மேல வெச்சிட்டாங்க. அத்தோட முடிஞ்சதுன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் குரலில் குறும்பு இல்லை, உண்மையாகவே திகைப்பு. அவன்மேல் என்ன தப்பு? நம் ஊரில் பொன்னாடை எப்போது போடுகிறோம்? வேலையை விட்டுப் போகிறவருக்குத்தானே. முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த எனக்கும் கடைசி நாளன்றுதான் போட்டார்கள். போனவர்களைத் திரும்பக் கூப்பிடுவதாக நினைத்து, இருந்தவர்களையும் நானே மாலை மரியாதையோடு வழியனுப்பி வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் விட ஒன்று. செல்வாம்பாள் தன் சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நானும் அப்பிடித்தான் சார் நெனச்சேன். விழா எடுத்துட்டாங்க, நம்ம ஊடு கணக்குல வரல போலன்னு." கோபமே இல்லாமல் சொன்னார். ஒரு வாரமாகவே அப்படி நினைத்துக்கொண்டு, எங்களை ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறார்.

மாப்பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, "வார நாள்லயும் நான் இங்கயே இருக்கேன் மச்சான்" என்றார். கொத்து வேலையும் அவருக்கு ஓரளவு வரும். நீ தப்பாக நினைக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அவர் ஒருவர்தான் மிச்சம்.

அண்ணன்


விருத்தாசலம்
18.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்.

அவர் எத்தனை நாள் வேண்டுமோ இருக்கட்டும். இங்கே ஒரு வேலையும் இல்லை. கேஸ் சிலிண்டர் மாற்ற சரிதா வீட்டுக்காரர் வருகிறார். முழங்காலில் சின்னக் காயம், படி தெரியவில்லை, அவ்வளவுதான். அவரிடம் சொல்ல வேண்டாம், பெரிதுபடுத்துவார்.

விழாவுக்கு வராதது கோபத்தால் இல்லை. பஸ் நிலையத்தில் போர்டு படிப்பது சிரமம்.

செல்வாம்பாள் இப்போதும் பால்வாடியில்தானே? லீவு விட்டிருக்கும், காலையில் கொஞ்சம் அதிகம் தூங்கலாம்.

ஜெயம்


புதுச்சேரி
29.6.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். அண்ணி நலம். எனக்குத் தூக்கம் சரியில்லை, வேறொன்றும் இல்லை.

லீவு முடிந்து பால்வாடி திறந்துவிட்டார்கள். இப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தை, செல்வாம்பாளின் சுருட்டிய படுக்கைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறதாம். "அதுக்கு மட்டும் என் ஊடு புடிச்சிருக்குது சார்" என்று சிரிக்கிறார்.

சுவர் முடிந்துவிட்டது. நானும் மாப்பிள்ளையுமாகக் கட்டியது. நான் கட்டிய பக்கம் எது என்று தூரத்திலிருந்தே தெரியும். ஷீட்டும் இரும்புக் குழாயும் வந்து இறங்கியிருக்கின்றன. இனி ஒரு நாள் வேலைதான். ஆனால் அந்த ஒரு நாளில் எட்டுப் பேர் ஒன்றாக நிற்க வேண்டும். குழாயைத் தூக்கிப் பிடிக்க, மேலே ஏறி முடுக்க, ஷீட்டை ஏற்ற. இரண்டு பேர் எட்டு நாள் செய்தாலும் அந்த வேலை நடக்காது. நான் தினமும் போன் செய்கிறேன். ஒருவனுக்குத் தங்கை கல்யாணம், ஒருவன் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான், இளம்பரிதிக்கு ஞாயிறு ஷிப்ட். எல்லோரும் "கண்டிப்பா வர்றேன் சார்" என்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நான் போனை வைக்கிற வரை அது உண்மைதான். நான்கு பேர் வந்த ஞாயிறும் உண்டு. நான்கு பேரும் டீ குடித்துவிட்டு, குழாய்க்கு வண்ணம் அடித்துவிட்டுப் போனார்கள்.

என் பயமெல்லாம் மாப்பிள்ளைக்கும் சலித்துவிடுமோ என்பதுதான். அதனால் அவருக்குப் பிடித்த வஞ்சிரமாகப் பார்த்து வாங்குகிறேன். சாயங்காலம் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன். ஊருக்குப் போக வேண்டும் என்ற பேச்சை அவர் எடுக்கும்போதெல்லாம் செல்வாம்பாள் பேச்சை எடுத்துவிடுகிறேன். அண்ணி என்னை, "அந்த மனுசன ஆட்டுக்குட்டி மாதிரி கட்டிப் போட்டு வெச்சிருக்கிங்க" என்று திட்டுகிறாள். போன மாதம் ஒருநாள் வந்துவிட்டுப் போனாரே, நீ ஒன்றும் சொல்லவில்லை என்று அவரே ஆச்சரியப்பட்டார். "ஜெயத்துக்கு மனசு பெருசு மச்சான், நல்லா இருக்கேன்னு சொல்லி அனுப்பிட்டா" என்றார். உன்னைப் போல ஒருத்தி இருப்பதால்தான் அவர் இங்கே நிற்க முடிகிறது.

அண்ணன்


புதுச்சேரி
10.8.2025

அன்புத் தங்கைக்கு,

என் கடிதம் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து பதில் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை போன் செய்தால் "எல்லாம் நல்லாதான் இருக்கு, வேலயப் பாருங்க" என்று வைத்துவிடுகிறாயாம். அண்ணி கேட்கச் சொன்னாள்: முழங்கால் ஆறிவிட்டதா?

நேற்றுச் சாயங்காலம் திடீர் மழை. செல்வாம்பாள் தன் கூரையில்லாத வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் அங்கே போய் நிற்கிறீர்கள் என்றேன். "தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கறேன் சார்" என்றார்.

இரண்டு வரியாவது எழுது.

அண்ணன்


விருத்தாசலம்
24.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயம் சொல்கிறேன், பக்கத்து வீட்டு சரிதா எழுதுகிறாள். சுகம் என்று ஆரம்பிக்கச் சொன்னேன். எழுத மாட்டாளாம். "பொய் எழுதணும்னா நீங்களே எழுதிக்கங்கக்கா" என்று பேனாவை மூடி வைத்துவிட்டாள். நான் எழுத முடியாது என்பது தெரிந்துதான் இந்தத் திமிர். ஆகவே சொல்லித்தான் ஆக வேண்டும்.

இடது கண்ணில் பார்வை இல்லை, அண்ணா. வலது கண்ணில் நேராக இருப்பது மட்டும் தெரிகிறது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. பத்து நாள் முன்பு சரிதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பெரிய டாக்டரிடம் இழுத்துப் போனாள். போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்ற ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆறு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். சரிதா அவரிடமும் சண்டைக்குப் போனாள். இதை எழுத வேண்டாம் என்றேன், எழுதுகிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில், இவர் முகம் மாறி வந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. பிறகு சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது, இவர் ஒருவர்தான் மிச்சம் என்று. செல்வாம்பாள் படுக்கையைச் சுருட்டுவதை முன்பே எழுதியிருந்தீர்கள். அடுத்த கடிதத்தில் அந்தக் குழந்தையை. அதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, என் வீட்டுக்காரரை அனுப்புங்கள் என்று எந்த வாயால் கேட்பது? எனக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறதே. நீங்கள் எழுதுவது அப்படி, அண்ணா. படித்தால் யாருக்கும் நிற்கத்தான் தோன்றும்.

கூரை ஏறியபிறகு அவரை அனுப்பினால் போதும். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், சரிதா வருகிறேன் என்கிறாள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜெயம்

மாமாவை உடனே அனுப்புங்கள். இது நான் எழுதுவது, அக்கா சொல்லவில்லை. சரிதா.


புதுச்சேரி
19.10.2025

அன்புத் தங்கை ஜெயத்துக்கு,

நாளை தீபாவளி. கண்ணில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்களா, எரிச்சல் இருக்கிறதா? மாப்பிள்ளை இதை உனக்குப் படித்துக் காட்டுவார். நடுவில் அவர் குரல் தடுமாறினால் நீ கண்டுகொள்ளாதே.

அன்றைக்கு உன் கடிதம் வந்தபோது அவர் சுவர்மேல் உட்கார்ந்து குழாய்க்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். கீழே நின்று நீட்டினேன். மேலேயே படித்தார். இரண்டு முறை படித்தார். இறங்கி வந்து, டேப்பைச் சுருட்டி, சுவர் பூசும் கரணையைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். "உங்களுக்குத் தெரியுமா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணில் அழுத்தம் என்று நீ டிசம்பரிலேயே எழுதினாய், நல்ல வெளிச்சத்தில் படி என்று பதில் எழுதினேன். எழுத்து பெரிதாயிற்று, சிரித்தேன். படி தெரியவில்லை என்றாய், போர்டு படிக்க முடியவில்லை என்றாய், அதற்கு வஞ்சிரம் வாங்கிய கதை எழுதினேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஆபரேஷன் அன்று நானும் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உன் அறைக்குள் வராமலே ஆரஞ்சுப் பழத்தைச் சரிதாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இந்த ஊரில் தெருவுக்கு ஒரு கண் டாக்டர். ஒரு நாள் உன்னை வரச் சொல்லியிருக்கலாம்.

இங்கே மழை பிடித்துவிட்டது. கூரை ஏறவில்லை. மாப்பிள்ளை போனபிறகு எட்டுப் பேரைச் சேர்க்க என்னால் முடியவில்லை. போன ஞாயிறு இளம்பரிதி ஷிப்ட் முடிந்து, தூங்காமல், இரண்டு பேரோடு வந்தான். நான்கு பேரும் சேர்ந்து சுவர்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டினோம். காற்று அடித்தால் நிற்காது. செல்வாம்பாள் பால்வாடியில்தான் படுக்கிறார்.

அவரிடம் என்ன சொல்வது என்று ஒரு வாரம் அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருந்தேன். அவரே நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். கூரையைப் பற்றித்தான் கேட்பார் என்று வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வாசலுக்கு வந்தேன்.

"அந்தம்மாவுக்குக் கண்ணு இப்ப எப்பிடி சார் கீது?"

சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார். அண்ணி உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"அந்தம்மா புடவதான் சார் கட்டிகினு இருக்கேன். இத்தினி மாசமா அவரு எனுக்கு ஊடு கட்டுனாரு. அவரு ஊட்ல யாரு தனியா இருக்கான்னு ஒரு நாளு கேட்டிருக்கலாம். வாயில வரல. கேட்டா போய்டுவாரோன்னு இருந்துச்சி சார்."

நானும் அவரைப் போலப் பயந்துதான் கேட்காமல் இருந்தேன் என்று சொல்லத் தோன்றியது. அவர் கேட்காமல் இருந்தது தன் கூரைக்காக, எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

நாற்பது பேருக்கு நான் கதை சொன்னேன், கேடயம் கொடுத்தேன், யாரும் நிற்கவில்லை. பார்க்க முடியாத தூரத்தில் நீ ஒருத்தி நின்றிருக்கிறாய். போன வாரம் இளம்பரிதியிடம் முதல் தடவையாக, "இங்க வர்ற அன்னைக்கி உங்க வீட்ல என்னப்பா நடக்கும்?" என்று கேட்டேன். அவன் அப்பாவுக்கு டயாலிசிஸாம், வாரத்தில் மூன்று நாள். ஞாயிறு ஒன்றுதான் அவன் அம்மா தூங்குகிற நாள். பத்து மாதமாக அவனை எனக்குத் தெரியும். போய்த் தூங்குப்பா, அம்மாவைத் தூங்க விடு என்று அனுப்பினேன். கூரைக்கு இன்னும் ஓர் ஆள் குறைந்தது. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை விடுகிற சொட்டு மருந்து உன் கன்னத்தில்தான் விழுகிறது, அதனால் சரிதாதான் காலையும் மாலையும் வருகிறாள் என்று போனில் சொன்னார். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை அவள் வந்ததும், மருந்துக்குக் கண்ணைத் திறப்பதற்கு முன்னால், அவள் வீட்டில் எந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள் என்று கேள்.

உன் அண்ணன்,
கிருஷ்ணசாமி